இரண்டு ஜோடிக் காது

காலர் அக்கா என்றால் அந்தத் தையல் ஆலையில் தெரியாதவர்கள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் தைத்தது சட்டைக் காலர் மட்டும்தான். கை ஒரு வரிசையில், பை இன்னொரு வரிசையில் என்று தைத்துக்கொண்டே போய்க் கடைசி மேசையில்தான் சட்டை சட்டையாகும். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே இல்லை. அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதும் இல்லை, அவளுடைய சொந்த அக்கா இறந்துபோய் ஒரு துணிப்பை அவள் மடிக்கு வந்து சேரும்வரை.

கொண்டுவந்து கொடுத்தவர் அக்காவின் கணவர்.

"அலமாரியை ஒழிக்கும்போது கிடைச்சுதும்மா. பட்டாணி பொறந்தநாளுக்குன்னு பொம்மைக்கு வெட்டிவச்சிருந்தா. நீ தைச்சுக் குடுத்துடறியா?"

பட்டாணி அவருடைய மகள். பிறந்தபோது அவ்வளவு சிறியதாக இருந்தாளாம், பெயர் ஒட்டிக்கொண்டது.

"என்ன பொம்மை மாமா?"

"ஏதோ மிருகம்."

"ஏதோ மிருகம்னா?"

"நானும் கேட்டேன். தைச்சு முடிச்சா தெரியப்போகுதுன்னா. குழந்தைகிட்டயும் அதையேதான் சொல்லிவச்சிருக்கா." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "கடையில ஒண்ணு வாங்கிடலாம்னு கூப்பிட்டுப் பார்த்தேன். வேணாமாம். அம்மா பொம்மைதான் வேணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினாள். பழைய சாம்பல்நிறப் போர்வையில் வெட்டிய துண்டுகள். வயிறும் முதுகுமாக இரண்டு பெரிய துண்டு. தலைக்கு ஒன்று. கால் நான்கு. இதுவரைக்கும் சிக்கல் இல்லை. பிறகு நீளமாக, போகப்போகக் குறுகிய ஒரு துண்டு. அது வாலா, தும்பிக்கையா? காது வட்டமாக ஒரு ஜோடி. கூராக இன்னொரு ஜோடி. கூடவே மஞ்சள் துணியில், உள்ளங்கை அகலத்துக்கு, அரை நிலா ஒன்று.

அரை நிலாவை வயிற்றில் வைத்தாள். பையைப் போல இருந்தது. தலையில் வைத்தாள். தொப்பி. வாயருகே வைத்தாள். அலகு. கட்டிலைச் சுற்றி நடந்துவந்து மறுபக்கம் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் வாழைப்பழம்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சரியாக வராததைத் தூக்கிப் போடவே மாட்டாள். ஒரு ஜோடிக் காதை வெட்டிப் பார்த்து, பிடிக்காமல், இன்னொரு ஜோடியை வெட்டியிருக்கலாம். ஆனால் எது முந்தியது, எது பிந்தியது? எல்லாத் துண்டிலும் ஓரத்தில் அதே நீலச் சுண்ணக்கட்டிக் கோடு. அதை விரலால் தடவப் போனவள், அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பை ஆலைக்கு வந்தது. மேசையில் டிபன் டப்பாக்களைத் தள்ளிவிட்டுத் துண்டுகளை அடுக்கினாள்.

"யானை" என்றாள் பக்கத்து மெஷின்காரி. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "இதைக் கேக்கணுமா? தும்பிக்கை கண்ணு முன்னாடி கிடக்குது."

"அப்ப வால் எங்க?" என்றார் இஸ்திரி போடும் அண்ணன். "இது எலிம்மா. பெரிய எலி."

"பொறந்தநாளுக்கு யாராவது எலி குடுப்பாங்களாண்ணே? உங்க வீட்டுல குடுப்பாங்க."

"கூர்க்காது எதுக்கு, அதைச் சொல்லு மொதல்ல."

"அது பூனைக்கு."

"அப்ப யானைக்குள்ள பூனையா?"

ரேடியோ வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். பிறகு, "ஏன் அக்கா, உங்க அக்கா கனவுல வந்து சொல்ல மாட்டாங்களா?" என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தா காலுக்கு எவ்வளவு பஞ்சுன்னும் கேட்டுக்கறேன்" என்றாள் காலர் அக்கா. சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது ஆலையின் ஒரே சட்டம். தைக்கக் கட்டாக வந்த துண்டுகளில் எதுவும் மிஞ்சக்கூடாது. ஒன்று மிஞ்சினால் யாரோ எங்கேயோ விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். வேறு வழி தோன்றாமல் அந்தச் சட்டப்படியே தைத்தாள். வட்டக்காது பக்கவாட்டில், கூர்க்காது உச்சியில். நீளத்துண்டைப் பின்னால் வைத்துத் தைத்தாள், பிரித்தாள், முன்னால் வைத்தாள், மறுபடி பிரித்துப் பின்னாலேயே வைத்தாள். அரை நிலா வயிற்றுப் பையாயிற்று. கைப் பழக்கதோஷத்தில் காதுகளுக்குள் காலருக்கு வைக்கும் விறைப்புத்துணியையும் வைத்துவிட்டாள். உள்வெளியாகப் புரட்டியபோது அக்காவின் நீலக்கோடெல்லாம் உள்ளே போய்விட்டது. நான்கு காதும் புதுச்சட்டைக் காலர்போல எழுந்து நின்றன.

அவள் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். எந்தக் காட்டிலும் இல்லாத ஒன்று அவளைத் திருப்பிப் பார்த்தது. குழந்தை இதைத் தள்ளிவிட்டால்? 'இது அம்மா பொம்மை இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அக்கா விட்டுப்போன ஒரே வேலையையும் அவள்தான் கெடுத்தவள் ஆவாள்.

பிறந்தநாள் காலையில் பட்டாணி கூடத்துத் தரையில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். மாமா எட்டிப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி பொம்மையைப் பார்த்தார்.

"சித்தி, இது என்ன?"

"நீ என்னன்னு நினைக்கிற?"

"அம்மா என்னன்னு சொன்னாங்க?"

யானை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அம்மா எங்கிட்ட சொல்லலைடா. வெட்டினது அம்மா. தைச்சது நான். என்னன்னு எனக்கும் தெரியல."

"அப்பாவுக்கு?"

"தெரியாது" என்றார் மாமா.

பட்டாணி பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தாள். வாலை இழுத்தாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ஒன்றுமில்லை என்று கண்டு வெளியே எடுத்தாள். ஒரு காதை மடக்கினாள். விட்டதும் அது டக்கென்று நிமிர்ந்தது. மறுபடி மடக்கினாள். மறுபடி நிமிர்ந்தது.

"யாருக்குமே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இதுகிட்டயேதான் கேக்கணும்" என்று அதன் வாய் இருக்க வேண்டிய இடத்தில் தன் காதை வைத்தாள். பொம்மைக்கு வாயே தைக்கவில்லை என்பது அப்போதுதான் சித்திக்கு உறைத்தது.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் பட்டாணி.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் மாமா.

"யோசிக்குதாம்" என்றாள் பட்டாணி. பொம்மையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நான்கு காதும் ஆட, அதற்கு வீட்டைச் சுற்றிக் காட்டப் போனாள். முதலில் சமையலறை. பிறகு அம்மாவின் அந்த அலமாரி.