பெரியவரைப் பார்க்கப் போனோம்

மின்னேரியாவுக்கு ஒருநாள் பயணம் போவதென்று எங்கள் வீட்டில் கதை எழும்பியபோது, யானைகளைக் காண்பதைவிட அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஓகஸ்ட் விடுமுறை. குளம் வற்றும் அந்த நாள்களில் தேசியப் பூங்காவின் புல்வெளிக்கு யானைகள் கூட்டமாக இறங்கும் என்று, போய்விட்டு வந்த ஒருத்தி வகுப்பில் அளந்துகொண்டிருந்தாள். பத்து வயதில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்பா திட்டம் போடுவதில் மன்னர். அன்புவழிபுரத்திலிருந்து காலையில் வாடகை வான் பிடித்துப் புறப்பாடு, கந்தளாயில் தேத்தண்ணி, ஹபரணையில் சாப்பாடு, பின்னேரம் ஜீப், இரவுக்கு வீடு. எல்லாவற்றையும் குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே கேட்ட அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“அண்ணை வந்தா போவம். இல்லாட்டி ஏலாது.”

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரியமாமா, கட்டைபறிச்சானில் இருந்தார். அவருடைய வயல் காட்டோரம். கதிர் முற்றிய காலத்தில் யானைகள் இறங்கி நெல்லைத் தின்றுவிடும் என்பதால், இரவு முழுக்க வெடியும் டோர்ச்சுமாகக் காவல் இருப்பார். அந்த நேரத்தில் அவரைப் பயணத்துக்கு வா என்பது, கைக்குழந்தையை விட்டுவிட்டு வா என்பதைப் போலத்தான். அம்மா பயணத்தைத் தட்டிக்கழிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

ஆனாலும் கேட்கப் போனோம். மாமா வீட்டில் யானை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று வழியெல்லாம் அம்மா எங்களுக்குப் புத்தி சொன்னார். வயல் காவல் காக்கும் வீடுகளில் அதைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். பெயர் சொன்னால் வந்துவிடுமாம். நன்றாகத் தலையாட்டிய என் தங்கை, படலையைத் திறந்ததும் முற்றம் அதிரக் கத்தினாள்.

“மாமா, நாங்கள் யானை பாக்கப் போறம்!”

மாமி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“காசு குடுத்துப் போய் ஆரும் பாக்கிறவையோ? இரவைக்கு நில்லுங்கோ, நான் சும்மாவே காட்டுறன்.”

என் முகம் தொங்கிப்போயிற்று. அம்மாவும் சிரிக்கவில்லை. “நீங்கள் வராட்டி நான் பிள்ளையளை விடமாட்டன் அண்ணை,” என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சரி, வாறன். பொழுதுபட்டு நான் வாற வரைக்கும் பக்கத்து வயல்காரர் பாப்பார். திரும்பேக்க என்னை நேரா வயலடியில விட்டிடோணும்.”

அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மின்னேரியாவில் எங்கள் ஜீப் புல்வெளியில் நின்றது, நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. கொக்குகள்தான் உலாவின. அப்பாவின் திட்டம் அவர் கண்முன்னே காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பெயர் சொன்னால் வருமென்றால், சொல்ல வேண்டிய இடம் இதுவல்லவா? இருக்கையில் ஏறி நின்று, “யானை! யானை, வா!” என்று கத்தினேன். மாமாவின் வெற்றிலை மணக்கும் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. அந்தக் கை விலகுமுன்னே பற்றைக்குள்ளிருந்து தாயும் குட்டியுமாக இரண்டு வந்தன. அவற்றின் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. கூப்பிட்டது நானாக்கும் என்று நான் நிமிர்ந்துகொண்டேன்.

மாமா எழுந்தார். என்னையும் தங்கையையும் நடுவுக்குத் தள்ளிவிட்டு, தான் ஓரத்தில், யானைகளின் பக்கமாக இருந்துகொண்டார். இரண்டு கைகளையும் விரித்துக் கம்பியைப் பிடித்தார். அதற்குப் பிறகு எனக்கு அவர் முதுகின் நீலச் சேட்டுத்தான் தெரிந்தது.

“மாமா, மறைக்குது!”

“பொறு பிள்ளை,” என்றார், திரும்பாமலே.

அவர் கக்கத்து இடைவெளியால் ஒரு காலும், பாதிக் காதும், ஒரு வாலும் கண்டேன். நான் பார்த்த மின்னேரியா அவ்வளவுதான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன். குளத்துக் காற்று எங்களுக்கெல்லாம் குளிர்ந்தது. மாமாவின் சேட்டோ தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

திரும்பும்போது அவரை வயலடியில் இறக்கிவிட்டோம். டோர்ச்சை அடித்துக்கொண்டு வரம்பில் நடந்து போனார்.

பிறகு பலமுறை மின்னேரியா போயிருக்கிறேன். மறைப்பார் இல்லாமல் ஆசைதீர யானை பார்த்தும் இருக்கிறேன். என்றாலும் என் நினைவில் அந்த ஒட்டிய சேட்டு இருக்கும் இடத்தில் எந்த யானையும் நிற்பதில்லை. அந்த ஜீப்பில் யானைக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான். ஓரத்தில் இருந்தவரும் அவர்தான். அன்றைக்கு நானோ திரும்பும் வானில் அம்மாவின் காதுக்குள், “மாமாவுக்கு ஏனம்மா இப்பிடி வேர்க்குது, வெயிலே இல்லையே?” என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அம்மாவுக்கும் தெரியாதாக்கும் என்று நினைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன்.