கன்றுக்குட்டி முடிச்சு

என் அத்தைக்கு விலாசம் கிடையாது. கடிதம் போடுவதென்றால் சென்னையில் பேசின் பிரிட்ஜ் அருகே ஒரு விறகு மண்டிக்குப் போட வேண்டும். அத்தையின் படகு எப்போது அந்தப் பக்கம் வந்து ஒதுங்குகிறதோ, அப்போது மண்டிக்காரர் எடுத்துக் கொடுப்பார். நாங்கள் போட்ட பொங்கல் வாழ்த்து ஒரு தடவை மாசி மாதம் போய்ச் சேர்ந்தது.

அத்தை, மாமா, அவர்களுடைய ஒரே மகள் மூவருக்கும் படகுதான் வீடு. பக்கிங்காம் கால்வாயில் ஆந்திரப் பக்கத்திலிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு வருவார்கள். சென்னையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அது யுத்த காலம். பட்டணத்துக்கு எவ்வளவு விறகு வந்தாலும் போதவில்லை. அதனால் படகு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் திருத்தணியில் மலையடிவாரத்தில் தேங்காய் பழக் கடை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் தைக் கிருத்திகைக்கு அத்தை குடும்பத்தோடு வந்திருந்தபோது, என் அம்மா சோறு பரிமாறிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

“பொண்ணுக்கு ஆறு வயசாவுது. இன்னும் ஒரு எழுத்து தெரியாது. தண்ணியிலேயே வளர்ந்தா மீனாட்டம் ஆயிடுவா. இங்க விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்.”

“மீனுக்கு இன்னா அண்ணி குறைச்சல்? நல்லாத்தான கீது!” என்று அத்தை சிரித்தாள். ஆனால் மகளைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனாவுக்குத் தீர்ப்புச் சொல்லுவது பிடிக்காது. கடையில் கூட, எந்தத் தேங்காய் நல்லது என்று கேட்டால், “தட்டிப் பாருங்க” என்பார். அன்றும் அப்படித்தான். “நம்ம பொண்ணு லீவுல படகுல போய் இருந்துட்டு வரட்டும். அது வந்து சொல்றத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அப்படியாக, ஒரு குழந்தை எங்கே வளர வேண்டும் என்ற வழக்கு, எட்டு வயதான என்னிடம் வந்து சேர்ந்தது.

அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் சரவணப் பொய்கைதான். மே மாதம் நைனா என்னைப் படகில் ஏற்றிவிட்டபோது, காலடியில் தரை அசைகிறது என்று கத்தினேன். அத்தை மகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “தரை இல்ல, பலகை” என்று திருத்தினாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

படகில் மூன்று வாரம் இருந்தேன். சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க ஒரே ஒரு பானை. உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து உடம்பு அரித்தது. காற்று அடித்தால் பாய் புடைத்துப் படகு ஓடும். அடிக்காவிட்டால் மாமாவும் படகில் கூட இருந்த ஒரு வேலையாளும் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். சில நாள் சேற்றில் தட்டி நின்றுவிடும். அன்று யாருக்கும் அவசரம் கிடையாது, நண்டு பிடிக்கலாம். விறகு இடுக்கில் தேள் இருக்கும். மழை வந்தால் பாய்க் கூரைக்குள் எல்லோரும் ஒடுங்கிக்கொள்வோம்; அடுப்புப் புகையும் எங்களோடு ஒடுங்கிக்கொள்ளும். தலையணைக்கு அடியில் தண்ணீர் சளக் சளக் என்று பேசிக்கொண்டே இருக்கும். எனக்கு எல்லாமே பிடித்திருந்தது, தேள் உட்பட. என் மகளை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கிற நான்தான் அந்தப் பெண் என்று இப்போது நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

“ஊர்ல போய்க் கேட்டா நல்லா சொல்லுவியாடி?” என்று அத்தை தினம் ஒரு தடவையாவது கேட்பாள்.

“ஆங்” என்பேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக் கரையில் படகு நின்றது. மாமாவும் வேலையாளும் விறகு பார்க்கத் தோப்புக்குள் போனார்கள். அத்தை உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீர் எடுக்கக் குடத்தோடு இறங்கினாள். இறங்கும்போது படகுக் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“இத அந்த முளையில நல்லா இறுக்கிக் கட்டிட்டு ஏறிக்கடி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கயிறு கட்டத் தெரியும். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியை நான்தான் கட்டுவேன். அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு: பார்க்க இறுக்கமாக இருக்கும், நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் சட்டென்று அவிழ்ந்துவிடும். மாட்டுக்கு ஆபத்து என்றால் உடனே அவிழ்க்க அப்படித்தான் கட்ட வேண்டும் என்று நைனா சொல்லிக் கொடுத்திருந்தார். அழகாகக் கட்டினேன். மிச்சக் கயிறு கீழே கிடந்து அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று அந்த நுனியைக் கொண்டுபோய்ப் படகிலேயே சொருகி வைத்தேன்.

கடலில் நீர் வற்றும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீரும் கடல் பக்கம் இழுக்கும். படகு மெல்ல நகர்ந்தது. தன் முடிச்சைத் தானே இழுத்து அவிழ்த்துக்கொண்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது தோப்பு எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“முருகா! முருகா!” என்று கத்தினேன்.

அத்தை மகள் கரையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கத்தாத. சோறு பொங்குது பாரு, மூடியத் தொற” என்றாள்.

தன்னைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள மூங்கில் கழியை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். அப்போதுதான் எதிரே, பாய் முழுக்க விரித்து, பாரம் ஏற்றிய ஒரு படகு நேராக எங்களைப் பார்த்து வந்தது. “தப்புகோ! தப்புகோ!” என்று விலகச் சொல்லி அந்தப் படகுக்காரர் தெலுங்கில் கூச்சல் போட்டார். இவளும் பதிலுக்குத் தெலுங்கில் கத்தினாள். கழியைத் தண்ணீருக்குள் ஊன்றி, நுனியைத் தோளில் வைத்து, ஓரப் பலகையில் அடிமேல் அடி வைத்து நடந்தாள். ஒரு தடவை கால் வழுக்கியது. கழியிலேயே தொங்கினாள், மறுபடி பலகையைக் காலால் தேடிப் பிடித்தாள். படகின் மூக்கு திரும்பியது. பெரிய படகு ஒரு முழ இடைவெளியில் எங்களைக் கடந்தது. நாங்கள் எதிர்க்கரைச் சேற்றில் மெத்தென்று போய்ச் செருகி நின்றோம்.

“எவ பெத்த பொண்ணு இது!” என்று அந்தப் படகுக்காரர் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

பெற்றவள் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிய புடவையோடு குதித்து நீந்தி வந்தாள். ஏறியதும் மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சோறு பதமாக இருந்தது.

படகைத் தோப்புக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து சாப்பிடும்போது மாமா என்னிடம், “இத பாவாகிட்ட சொல்லாத அம்மாயி” என்றார். பாவா என்றது என் நைனாவை, அம்மாயி என்றது என்னை.

“ஏன் சொல்லக் கூடாது? நல்லா சொல்லட்டும். ஆறு வயசுல யார் பொண்ணு படகு தள்ளியிருக்கா?” என்றாள் அத்தை. பெருமையில் அவள் முகம் பளபளத்தது.

ஜூன் மாதம் அத்தை தன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைத் திருத்தணிக்கு அழைத்து வந்தாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் நைனா, “ஆங், சொல்லு” என்றார்.

என் கடமையை நான் உணர்ந்திருந்தேன். அத்தைக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. நண்டு, பாய், காற்று என்று சில்லறைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இருப்பதிலேயே சிறந்ததை எடுத்தேன். ஒட்டடைக் குச்சியைத் தோளில் சாய்த்து, கூடத்தின் ஓரமாக நடந்து காட்டினேன். பெரிய படகு வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். கால் வழுக்கிய இடத்தை இரண்டு தடவை செய்து காட்டினேன். அத்தை மகள் வெட்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தைகூட நடுவில், “கழி இன்னும் நீளம்டி” என்று எடுத்துக் கொடுத்தாள்.

முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப உங்க அத்தை எங்க இருந்தா?”

“அந்தக் கரையில” என்றேன்.

நைனா அன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. அத்தைதான், “சரி அண்ணி. இங்கயே இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! படகும் நல்லது என்று சொல்லியாகிவிட்டது. அத்தை மகளும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் ஜெயித்த ஒரே வக்கீல் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் ஒரே கூத்து. படகில் எல்லாவற்றையும் பக்கத்தில் கொட்டிவிட்டால் முடிந்தது அல்லவா? அத்தை மகள் அரிசி கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டினாள். தெருவில் வந்துகொண்டிருந்தவர், அவளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேச வந்த வாத்தியார். மலைக்கு அழைத்துப் போனால் நூறாவது படியில் உட்கார்ந்துவிட்டு, “இது எப்போ நிக்கும்?” என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து என் அம்மாவுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். செய்தபின் சரிதானா சரிதானா என்று யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன். அம்மாவும் யோசித்தாளோ என்னவோ, கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை அத்தையை ரயில் ஏற்றப் போனோம். “தூக்கத்துல உதைப்பா, திட்டாதடி. தூங்கலன்னா பாயக் கொஞ்சம் ஆட்டி விடு” என்று என்னிடம் சொன்னாள். மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டாள்.

நாங்கள் நின்ற பக்கம் ஜன்னல் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை அங்கே உட்காராமல் எதிர்ப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோதும் திரும்பவில்லை. அத்தை மகள் கையை ஆட்டிக்கொண்டே, “அம்மா ஏன் இந்தப் பக்கம் பாக்கல?” என்று கேட்டாள்.

எட்டு வயதான எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்று வாரம் படகில் இருந்தவள் அல்லவா நான்?

“அந்தப் பக்கந்தான் காத்து வருது” என்றேன்.

அவளும் நம்பினாள். ஸ்டேஷன் வேப்பமரத்தில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை.