மணவறை வண்டிக்குக் கொஞ்சம் பலம்

மாப்பிள்ளையின் கார் எங்களை முந்திக்கொண்டு போனபோது நான் மூன்றாவது கியரில் இருந்தேன்.

பாரிஸிலிருந்து நோர்மண்டிப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில், ஆற்றங்கரையை விட்டு மேலே ஏறும் நீண்ட ஏற்றங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றில், லொறிகளுக்கான வலது ஓரத்தில், நானும் கணவரும் எங்கள் பிக்கப்பில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் ட்ரெயிலரில் மணவறை முழுவதும் இருந்தது: தூண்கள், கூரை, இரண்டு யானை, மேடைப் பலகைகள், மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்கிற பொன்னிறச் சோடிக் கதிரைகள். ரிப்பன் கட்டிய வெள்ளைக் காரின் பின் இருக்கையில் தலைப்பாகையோடு இருந்த மாப்பிள்ளை எங்களை அடையாளம் கண்டு கையைக் காட்டினார். என் கணவரும் பதிலுக்குக் கையைக் காட்டினார். பிறகுதான் இருவருக்கும் விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை மண்டபத்துக்குப் போகிறார். அவர் ஏறவேண்டிய மணவறை பின்னால் வருகிறது.

முகூர்த்தம் பின்னேரம் என்பதால் தப்பினோம். படம் எடுப்பதற்காக அவர்கள் வேளைக்கே வந்திருந்தார்கள். பொம்பிளையின் தகப்பனார் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். கிட்ட வந்துவிட்டோம் என்று என் கணவர் இரண்டு தரமும் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பொம்பிளையின் அண்ணன்மார் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தூண் தூக்கினார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது, வயிறாரச் சாப்பாடும் போட்டார்கள். ஆனால் அந்தக் கதை எங்களுக்கு முன்பே பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குத் திரும்பி வந்துவிட்டது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கூட, "என்ன அக்கா, மாப்பிள்ளை நடந்தே வந்திருந்தாலும் முந்தியிருப்பாராமே" என்று கேட்டார்.

எங்கள் கடை லா சப்பலில், பலசரக்குக் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான அறை. அங்கே மாதிரிப் படங்களும் மாலைகளும்தான் இருக்கும். சாமான் எல்லாம் நகருக்கு வெளியே பியர்ஃபித்தில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில். மணவறைச் சோடனை கணவருடைய வேலை, வண்டி என்னுடையது. அவருக்கு வாகனம் ஓட்டும் அனுமதி இல்லை, எடுக்க ஆசையும் இல்லை. நான் வன்னியில் உழவு இயந்திரம் ஓட்டியவள். இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு விதிகளைப் பாடமாக்கி அனுமதி எடுத்தேன். ட்ரெயிலர் இழுப்பதற்கென்று தனியாக ஒரு பரீட்சை எழுதினேன். எழுதப் போனவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

அந்தப் பிக்கப்தான் நாங்கள் இந்த நாட்டில் புதிதாக வாங்கிய முதல் வாகனம். மூடிய வான் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கல்யாணங்கள் பாதி வயல்வெளிக் கூடாரங்களில் நடக்கின்றன, சேற்றில் இறங்கி ஏற இதுதான் வேண்டும் என்று நான் நியாயம் சொன்னேன். உண்மையில் எனக்கு அதைப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் காரணம். கருநீலம். உயரமாக இருந்து ஓட்டலாம். சமதரையில் நல்ல வண்டி. பாரத்தோடு ஏற்றம் வந்தால்தான் மூச்சு வாங்கும்.

மாப்பிள்ளை முந்திய கதை பரவிய கிழமையே கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். புறநகரான திரான்சியில் அவருக்குத் தெரிந்த ஒரு தம்பி இருந்தான். வீட்டுக்குப் பின்னால் கார் திருத்துபவன், கைராசிக்காரன். மடிக்கணினியை வண்டியில் கொழுவி, இயந்திரத்தை நடத்தும் கணக்கை மாற்றி எழுதிவிடுவானாம். உள்ளே எதையும் கழற்றுவது இல்லையாம்.

"அரை மணித்தியால வேலை அக்கா. ஏத்தத்தில பறக்கும்" என்றான்.

உத்தரவாதம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. கம்பனிக்காரர் கண்டுபிடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, கண்டுபிடித்தால் அதோடு சரி என்றான். உத்தரவாதம் இன்னும் சில வருடம் இருந்தது. இயந்திரத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தொழிலே நின்றுபோகும். வண்டி வாங்கிய இடத்தில் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்றேன். இவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நாங்கள் செய்யப் போவதை நாங்களே போய்ச் சொல்வதா என்றார். ஆனாலும் கூட வந்தார்.

அங்கே வரவேற்பு மேசையில் நாங்கள் முன்பு காணாத ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, கழுத்துப்பட்டி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. நான் பிரெஞ்சில் மெல்லத் தொடங்கினேன்: பாரம் கூட, ஏற்றத்தில் கஷ்டப்படுகிறது, ஏதாவது செய்யலாமா. கணவர் என் காதுக்குள் குனிந்து சொன்னார்:

"திரான்சிக் கதையை உவரிட்டைச் சொல்லிப்போடாதையும்."

மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தாமலே தமிழில் சொன்னார்: "பரவாயில்லைங்க, சொல்லுங்க. நானும் தமிழ்தான். பாண்டிச்சேரி."

என் கணவர் இவ்வளவு சிவந்து நான் பார்த்ததில்லை. நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசைக்காரரும் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததில், பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். அதன்பின் ஒளிக்க ஒன்றும் இல்லை. திரான்சிக் கதை முழுவதையும் இவரே சொன்னார்.

பாண்டிச்சேரிக்காரர் பொறுமையாகக் கேட்டார். இப்படி வந்து முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு என்றார். பிறகு எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"வண்டி செஞ்ச கம்பெனியே இதுக்குன்னு ஒரு ப்ரோகிராம் வச்சிருக்கு, மதாம். இங்கேயே போட்டுத் தருவோம். கராந்தி, அதான் உத்தரவாதம், அப்படியே இருக்கும்."

இவர் நம்பவில்லை. கொடுக்கக்கூடிய பலத்தை முதலிலேயே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஒரே இயந்திரம் பல நாடுகளுக்குப் போகிறது, எல்லா இடத்திலும் எரிபொருளும் வெயிலும் சட்டமும் ஒன்றல்ல, அதனால் கம்பனி எப்போதும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கும் என்று அவர் விளக்கினார். எவ்வளவு கூட்டினால் கியர்ப்பெட்டியும் கிளச்சும் தாங்கும் என்று ஓட்டிப் பார்த்து, அந்த அளவோடு நிற்பார்களாம். திரான்சித் தம்பி தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார். வண்டி இதுவரை ஒழுங்காகச் சர்வீஸ் பார்க்கப்பட்டதா, கிளச் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுவார்கள். காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுப் பத்திரத்திலும் மாற்ற வேண்டும். அதற்கான சான்றிதழைக் கம்பனி தரும். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: ஏற்றும் எடையின் எல்லை மாறாது. அதே பாரத்தைச் சுகமாக இழுக்கலாம், கூடுதலாக ஏற்றக்கூடாது.

வீடு வரும் வழியில் பியர்ஃபித் கிட்ட வந்ததும் இவர், "உமக்கு என்ன படுது?" என்று கேட்டார். எனக்கு அது சரியாகப் படுகிறது என்றேன். "அப்ப போடுவம்" என்றார்.

வேலை நடந்த நாள் காலையில் வண்டியைக் கொடுத்துவிட்டு எதிரே இருந்த கபேயில் காத்திருந்தோம். இவர் ஏதோ ஆஸ்பத்திரிக்கு வெளியே நிற்பவர் மாதிரி அடிக்கடி எழும்பிக் கண்ணாடியால் பார்த்தார். மத்தியானத்துக்கு முன் அழைத்தார்கள். வண்டி வெளியில் அப்படியேதான் இருந்தது. கதவோரத்தில் ஒரு சின்ன ஒட்டுச் சீட்டு மட்டும் புதிது. பாண்டிச்சேரிக்காரர் என் பக்கத்தில் ஏறினார், இவர் பின் இருக்கையில்.

முதலில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சுற்றுவட்டத்தைக் கடந்து மேம்பாலத்தில் ஏறும்போது, பழக்கத்தில் கியரைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"விடுங்க, அதிலேயே மிதிங்க" என்றார்.

மிதித்தேன். வண்டி சத்தம் போடவில்லை, துள்ளவில்லை. முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளியதுபோல இருந்தது, பாலத்தின் உச்சிக்கு வந்துவிட்டோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்னொரு தரம் அதே பாலத்தைச் சுற்றி வரலாமா என்று கேட்டேன். சுற்றினோம். மூன்றாம் தரமும் சுற்றப் போனபோது, டீசல் முடியப்போகிறது என்று பின்னாலிருந்து இவர் சொன்னார்.

அடுத்த நோர்மண்டிக் கல்யாணத்துக்கு முழுப் பாரத்தோடு போனோம். பழைய ஏற்றம் வந்தது. நான் லொறிப் பாதையை விட்டு வெளியே வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று லொறிகளைக் கடந்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த இவர் உச்சிக்கு வந்ததும்தான் கையை விட்டார். திரான்சித் தம்பியும் ஒருநாள் வந்து ஓட்டிப் பார்த்தான். நல்லாத்தான் செய்திருக்கினம், ஆனால் தான் இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பேன் என்றான். அவனுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த மாரியில், நோர்மண்டியில் ரூவான் நகருக்கு அப்பால் ஒரு கல்யாணத்துக்காக முதல்நாளே புறப்பட்டோம். ரூவானை நெருங்கும்போது ஸ்டீரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியின் பலம் விட்டுப்போனது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகம்தான். மழை வேறு. மெல்ல உருட்டிக்கொண்டு அதே கம்பனியின் அந்த ஊர் முகவரிடம் போய்ச் சேர்ந்தோம். இவர் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: இங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. இயந்திரத்தில் கை வைத்திருக்கிறீர்கள், உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டால்?

பட்டறைத் தலைவி உயரமான ஒரு பெண். மணிக்கட்டுவரை கறுத்த எண்ணெய். கணினியைக் கொழுவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். இதில் மேலதிகமாக ஒரு ப்ரோகிராம் இருக்கிறது என்றாள். நான் பாரிஸில் போட்டதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது எங்களுடையதுதான், மதாம். பதிவில் இருக்கிறது."

ப்ரோகிராமுக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகு சொன்னாள். காற்றைக் கொண்டுபோகும் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. பின்னேரம் குழாய் வரும், உத்தரவாதத்திலேயே மாற்றித் தருவோம் என்றாள். இவர் அவளுக்கு மூன்று தரம் நன்றி சொன்னார், தமிழில் ஒன்று, பிரெஞ்சில் இரண்டு.

காத்திருக்கும்போது, ட்ரெயிலரை மூடிய, காற்றில் கிழிந்த படங்குக்கு வெளியே யானையின் தும்பிக்கை நீட்டிக்கொண்டிருந்ததை ஒரு மெக்கானிக் கண்டான். என்ன இது என்று கேட்டான். கேட்டால் போதும், இவருக்குக் கை ஓடத் தொடங்கிவிடும். காட்சியறையில் ஒரு கார் விற்றுப்போன இடம் வெறுமையாக இருந்தது. அங்கே கட்டிக் காட்டலாமா என்று கேட்டதற்குத் தலைவி தோளைக் குலுக்கினாள், அதை இவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் புதுக் கார்களுக்கு நடுவே இரண்டு யானையும், நான்கு தூணும், பொன்னிறக் கதிரைகளும் எழும்பி நின்றன. மெக்கானிக்மார் எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முறைவைத்து உட்கார்ந்தார்கள். வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸை எல்லோருக்கும் பங்கிட்டேன். தலைவி தனியாக வந்து உட்கார்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடினாள். பார்ப்பதைவிட இருக்கச் சுகமாக இருக்கிறது என்றாள்.

அப்போது புதுக் கார் எடுக்க ஒரு சோடி வந்தது. இருவருக்கும் அறுபதுக்குக் கிட்ட இருக்கும். கார்ச் சாவியை வாங்கி, கதிரைகளில் இருந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் கட்டி எவ்வளவு காலம் என்று இவர் கேட்டார். கட்டவே இல்லை, சேர்ந்துதான் இருக்கிறோம், ஒருநாளும் நேரம் வரவில்லை என்று அந்த மனிதர் சொன்னார். அந்த அம்மா எழும்பவில்லை. இரு கையையும் கதிரையின் கைப்பிடிகளில் வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்து, "இப்போது நேரம் இருக்கிறதே" என்றாள். எங்கள் கடை அட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

குழாய் வந்தது, வண்டி சரியானது, யானைகளை ஏற்ற எல்லோரும் கைகொடுத்தார்கள். அன்றிரவே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கோடை தொடங்கும்போது அந்த அம்மா தொலைபேசி எடுத்தாள். நகரசபையில் நாள் குறித்தாகிவிட்டது, விருந்து தங்கள் ஆப்பிள் தோட்டத்தில், மணவறையும் யானையும் கட்டாயம் வேண்டும் என்றாள். விருந்து நாளன்று போனால், தோட்டத்துக்கான மண்பாதை செங்குத்தாக மேட்டுக்கு ஏறியது. கார்களைக் கீழே விட்டு நடந்துபோன விருந்தாளிகள் ஓரம் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டுக் கைதட்டினார்கள். மரங்களுக்கு நடுவில் இவர் மணவறையைக் கட்டினார். வாழை கிடைக்காததால் ஆப்பிள் கிளைகளைத் தூணோடு சேர்த்துக் கட்டினார், அது நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் வேண்டுமாம், அதையும் கட்டிவிட்டார். பின்னேரம் அக்கோர்டியன் வாசிக்கத் தொடங்கியதும் அந்த அம்மா வந்து என் கணவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு ஆடத் தெரியாது. இருட்டும்வரை ஆடினார். நான் பிக்கப்பின் பின்தட்டில் ஏறியிருந்து, காலை ஆட்டிக்கொண்டு, அவர்கள் தந்த ஆப்பிள் கேக்கில் இரண்டாம் துண்டையும் சாப்பிட்டேன்.