இங்கிலீஷ் தேர்வன்று நடந்த அறுவடை

அப்பாவின் காரியத்துக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் மகள் எழுதலாமா என்று சிலர் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். தாயை இழந்து, மாடு மேய்த்து வளர்ந்தவர். அம்மாவை மணந்து குத்தாலம் பக்கம் வந்த பிறகு, கடைசிவரை ஒரே நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிரிட்டார். கள்ளைத் தொட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். பிள்ளையாக என்னை மட்டுமே பெற்றார். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களிடமும் அப்படித்தான் பேச்சை நிறுத்தினார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் முதல் முறை நான் இங்கிலீஷில் தவறினேன். இலக்கண விதிகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று கேட்டால் தெரியாது. மறுதேர்வு புரட்டாசியில் வந்தது. குறுவை நெல் முற்றுவதும் அப்போதுதான்.

அந்த வருடம் அப்பா தம் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றக் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். தானோ வீட்டாரோ வயலில் இறங்கி உழைத்தால்தான் சட்டப்படி குத்தகைதாரர். நிலக்காரருக்காகக் கணக்கு வழக்குப் பார்க்கும் காரியக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்தப் பொண்ணு. அதுவும் இங்கிலீஷ் படிக்குது. இவரு கூலிக்கு ஆள் வச்சு அறுக்கறவரு. இவரா குத்தகைதாரரு?" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

என் படிப்பே நிலத்துக்கு வினையாக வந்தது. "படிப்பை விட்டுடறேம்பா" என்றேன்.

"இந்தியை ஒழிச்சவங்க கையோட இந்த இங்கிலீஷையும் ஒழிச்சிருக்கக் கூடாதா?" என்று அம்மா புலம்பினார்.

"ஒழிச்சா காரியக்காரர் மவனுக்கு மட்டும் அது தெரிஞ்சிருக்கும். நீ படி ஆயி" என்றார் அப்பா.

பயிருக்குக் காவலாக நாங்கள் பகல் முழுவதும் வரப்பில் இருப்போம். கிளியை விரட்டிக்கொண்டே நான் விதிகளை ஒப்பிப்பேன். அப்பாவுக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சரி, இதை எப்ப சொல்லுவாங்க?"

"நேத்தே முடிஞ்சு போனதுக்கு ஒண்ணுப்பா. இப்ப நடந்துகிட்டு இருக்கறதுக்கு ஒண்ணு. எப்பவோ ஆரம்பிச்சு இன்னமும் விடாம நடக்கறதுக்கு ஒண்ணு."

"கடைசியா சொன்னியே, அது காரியக்காரர் வம்புக்கு."

பாசிவ் வாய்ஸ் பற்றிச் சொன்னேன். "பயிர் அறுக்கப்பட்டது. அறுத்தது யாருன்னு சொல்லாமலே விட்டுடலாம்."

"திருடனுக்கு நல்ல வசதி" என்று சிரித்தார்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தர்ப்பம் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்ல, புத்தகத்தில் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டது.

தகராறு நிலம் என்பதால் வருவாய்த்துறை ஆள் முன்னிலையில் அறுக்க நாள் குறித்தார்கள். அது என் தேர்வு நாளாகவே அமைந்தது. வீட்டில் மூன்றே பேர். அதிலும் ஒருத்தி குறைந்தால் காரியக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். நான் தேர்வுக்குப் போகவில்லை என்றேன். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தேர்வு அறை ஜன்னலில் மேகம் கறுத்திருந்தது. 'இஃப்' என்ற சொல்லை வைத்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தார்கள். மழை வந்தால் கதிர் சாயும், காரியக்காரர் ஆட்கள் வந்தால் அடிதடி ஆகும் என்று எனக்கு வயலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. பயத்தோடு எழுதினேன், பிழையில்லாமல் எழுதினேன்.

திரும்பும்போது பஸ் கண்டக்டர், "உங்க ஊர்ல போலீஸ் வண்டி நிக்குதும்மா" என்றார். இறங்கியதும் ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. களத்தில் கட்டுகள் அடுக்கியிருக்க, அப்பா அதில் சாய்ந்திருந்தார். தலையில் சுற்றிய துண்டில் ரத்தம்.

"முழுசா எழுதினியா ஆயி?"

"எழுதிட்டேம்பா. தலையில என்ன?"

"அது முடிஞ்சு போன விஷயம். நேத்துக் கணக்குல போடு."

காரியக்காரரின் ஆட்கள் தடியோடு இறங்கியதும், பக்கத்து வயல் பக்கிரிசாமி மாமாவும் தெருப் பெண்களும் கூலி வாங்காமல் எங்கள் வயலில் இறங்கி அறுத்ததும் பிறகுதான் தெரிந்தது. நான் தேறினேன். பயிற்சி முடித்து ஆசிரியை ஆனேன். குத்தகைப் பதிவு மட்டும் விசாரணை, வாய்தா என்று இழுத்துக்கொண்டே போகிறது. இந்த ஆவணியில் மார்வலி கண்டு, தீர்ப்பைக் கேளாமலே அப்பா போய்விட்டார்.

அன்று உடன் நின்ற அனைவருக்கும், ஆஸ்பத்திரியில் துணை இருந்தவர்களுக்கும், இம்மலரை அச்சிட்டு உதவிய அன்பருக்கும் எங்கள் நன்றி.

நன்றியோடு முடிப்பதுதான் முறை. ஆனால் முந்தாநாள் காரியக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "குத்தகைதாரரே போயிட்டாரு. சம்சாரத்துக்கு முடியல. பொண்ணு டீச்சரு. வயல்ல இறங்க யாரு இருக்கா?"

குறுவை பழுத்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நானும் அம்மாவும் இறங்கி அறுக்கப் போகிறோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எங்களுக்காக நீங்கள் அறுக்க வேண்டாம். நாங்கள் அறுப்பதைப் பார்த்தோம் என்று நாளைக்கு விசாரணையில் சொல்ல நீங்கள் வேண்டும். வெயில் ஏறும் முன்பே வந்துவிடுங்கள்.