திருஇருதயத் தட்டின் விளிம்பு

பேதுருவுக்கு வாய் சும்மா இருக்காது. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. இல்லாவிட்டால், மகள் கேட்டதைத் தாய் தரமாட்டேன் என்று சொன்ன இடத்தில் இந்த மனுசன் போய்த் தலையைக் கொடுத்திருப்பாரா?

நடந்தது இதுதான். டிலக்ஷி கலியாணம் முடித்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனாள். பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்து, இயேசுவின் திருஇருதயப் படம் வைப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. படத்தை வாங்கிவிட்டாள். அதன் கீழே மெழுகுதிரி வைக்கிற மரத்தட்டு மட்டும், கொட்டாஞ்சேனை வீட்டுச் சுவரில் இருக்கிறதே, அதுதான் வேண்டுமென்றாள். சின்ன வயதிலிருந்து முழங்காலில் நின்று செபமாலை சொன்னது அந்தத் தட்டுக்கு முன்னால்தானே.

"அது இந்த வீட்டுச் சாமான். நான் கண் மூடுமட்டும் சுவரால இறங்காது," என்றாள் தாய் மேபல். மேபல் சொன்னால் சொன்னதுதான்.

டிலக்ஷி "சரி அம்மா" என்றாள். அந்தச் "சரி" பேதுருவின் நெஞ்சில் குத்தியது. கட்டிக்கொண்டு போய்விட்டேன், இந்த வீட்டில் இனி எனக்கென்று ஒன்றும் இல்லை என்று பிள்ளை நினைத்துவிட்டாளோ? உடனே வாயை விட்டார்.

"நீ கவலைப்படாத மகள். அச்சு அசலா அதே மாதிரி ஒண்டு நான் செய்து தாறன்."

பலாப் பலகை ஒன்றை அறுப்பித்து எடுப்பது பெரிய காரியமில்லை. விளிம்புதான் வில்லங்கம். தட்டின் முன்பக்கம் மேலிருந்து மெல்லச் சரிந்து, நடுவில் கொஞ்சம் பொம்மிப் புடைத்து, அடியில் உள்ளே மடங்கும். விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மகன் றொஹான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த, மரத்தின் ஓரம் செதுக்குகிற றூட்டர் மெஷின் கட்டிலுக்கடியில் கிடந்தது, கூடவே அதில் பூட்டுகிற வெட்டு அலகுகளான பிட்டுகள் ஒரு பெட்டி நிறைய. ஒன்று குண்டு, ஒன்று கூர், ஒன்றுக்கு இடுப்பு ஒடுக்கம். மெஷினில் பிட்டைப் பூட்டி விளிம்போடு தள்ளிக்கொண்டு போனால் அந்த வடிவம் மரத்தில் விழும், அவ்வளவுதானே என்று நினைத்தார்.

தட்டு பொம்மியிருக்கிறதே என்று வயிறு தள்ளிய பிட்டைப் பூட்டினார். மரத்தில் குழி விழுந்தது. சரியென்று குழிந்த பிட்டைப் பூட்டினால் மரம் வெறுமனே உருண்டு வந்தது; "இது இல்லை" என்று தூக்கி எறிந்தார். பிட் எங்கே பொம்முகிறதோ அங்கே மரம் குழியும் என்பது மண்டையில் ஏறவே அரைநாள் போயிற்று. அடுத்து எடுத்த பிட்டின் நுனியில் பெயாரிங் இல்லை. விளிம்பில் உருண்டு வழிகாட்ட அந்தச் சின்னச் சக்கரம் இல்லாததால், பிட் பலகைக்குள் புகுந்து தன் பாட்டில் ஊர்வலம் போனது. பிட் சுழலுகிற பக்கமே தள்ளினால் மெஷின் கையைப் பறித்துக்கொண்டு ஓடியது. எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அடங்கி வந்தது. மெல்ல மெல்ல ஆறுதலாகத் தள்ளினால் மரம் கருகிப் புகைந்தது.

"மரம் செதுக்கிறீங்களா, மா அரைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேபல் பின்கதவைச் சாத்தினாள்.

விளிம்பின் அச்சை ஓர் அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு அர்ஷாதின் ஹாட்வெயார் கடைக்குப் போனார் பேதுரு. அர்ஷாத் கடையிலிருந்த பிட்டுகளை ஒவ்வொன்றாக அட்டையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

"இது என்ன பேதுரு அண்ண, வளைவுமில்ல, நேருமில்ல. இப்பிடி ஒரு பிட் ஒலகத்துலயே இல்ல."

"வீட்டில தட்டு இருக்குதே அர்ஷாத். ஆரோ வெட்டித்தானே இருக்கினம்."

"அப்ப எங்கயாச்சும் பிட் ஈக்கணும்," என்றார் அர்ஷாத். "எங்கண்டு எனக்கும் வெளங்கல்ல."

இரண்டு பேரும் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். விழி பிதுங்க வீடு திரும்பினார் பேதுரு. மறுநாள் பின்னேரம் வீடு மந்திரிப்பு. என்ன முகத்தோடு மகளிடம் போவது?

வீட்டில் மேபல், தட்டில் வழிந்த மெழுகை வழக்கம்போல மேசைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். டக்கென்று ஒரு சத்தம். மெழுகோடு சேர்ந்து விளிம்பிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? அட்டையை வச்சு அமத்தி அமத்தித் தட்டை உடைச்சுப் போட்டீங்க."

பேதுரு குனிந்து எடுத்தார். அது மரமில்லை, பெயின்ட். பிஸ்கட் தடிப்பில் வெள்ளை, நீலம், மஞ்சள், பச்சை என்று அடுக்கடுக்காக இருந்தது. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வந்தால் போதும், கதவு ஜன்னலுக்கு அடித்து மீந்த பெயின்டைத் தட்டுக்கும் பூசியது வேறு யார்? சாட்சாத் பேதுருவேதான்.

துண்டு பெயர்ந்த இடத்தில் அசல் மரம் தெரிந்தது. மேலே ஒரு சின்னப் படி, அதன் கீழே உருண்ட விளிம்பு. படியைப் பெயின்ட் மூடித்தான் அந்த இல்லாத வளைவு வந்திருக்கிறது. மரத்தை உருட்டிய அந்தக் குழிந்த பிட், "இது இல்லை" என்று அவர் தூக்கி எறிந்தாரே, அதே பிட்டின் வேலை. அதை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டிப் பூட்டியிருந்தால் படியும் சேர்ந்தே விழுந்திருக்கும். மனுசனுக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டுவதா என்று தெரியவில்லை.

விடிந்ததும் பலகையின் இரண்டு ஓரங்களை முதலில் ஓட்டினார், பிறகு நீளப்பக்கம். ஒரேயடியாகக் கடிக்கவிடாமல் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படியோர் அழகு. வெள்ளை பெயின்ட் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு, மேபலோடு வெள்ளவத்தைக்குப் போனார்.

டிலக்ஷி பேப்பரைப் பிரித்து, விளிம்பில் பெருவிரலை வைத்து ஓட்டினாள். படியில் விரல் தட்டி நின்றது.

"நல்லா இருக்கு அப்பா," என்றாள். அன்றைக்குச் "சரி" சொன்ன அதே குரல். "ஆனா இது எங்கட தட்டு மாதிரி இல்லையே."

உள்ளதை உள்ளபடி வெட்டினால் அது பிழையாம். உலகத்திலேயே இல்லாத அந்த வளைவுதான் பிள்ளைக்குச் சரியாம். பேதுரு சேர்ட் பொக்கெட்டைத் தடவினார். அந்தப் பெயின்ட் துண்டு அகப்பட்டது. எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ தடவித் தடவி வளந்தது இதைத்தான் மகள். எல்லாம் நத்தார் பெயின்ட். உள்ளுக்க இருக்கிறது இந்தத் தட்டுத்தான்."

அவள் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன, நடுவில ரோஸ்?"

"உன்ர கூத்துத்தான்," என்றாள் மேபல். "ரோஸ்தான் வேணுமெண்டு அழுதாய். அப்பாவும் அடிச்சுப் போட்டார். அடுத்த நத்தார் வருமட்டும் நான் சுவாமியை வீட்டுப் பக்கம் கூப்பிடேல்ல."

டிலக்ஷி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். விரல் மறுபடியும் புதுத் தட்டின் படியில் போய் நின்றது.

"இந்தப் படி எப்ப அப்பா மூடுப்படும்?"

"நத்தாருக்கு நத்தார் அடி. உன்ர பிள்ளையள் என்ன கலர் கேட்டாலும் அடி. தானா மூடும்."

"அப்ப இந்த நத்தாருக்கு நீங்கதான் வந்து அடிக்கவேணும்."

"ஓம்" என்று மறுபடியும் வாயைக் கொடுத்த பிறகுதான் பேதுருவுக்கு உறைத்தது. வீட்டுத் தட்டிலும் ஒரு துண்டு பெயர்ந்து கிடக்கிறது. நத்தாரோ ஒன்றுதான். எந்த வீட்டில் முதலில் பிரஷைத் தொடுவது? பயந்து பயந்து மேபலைப் பார்த்தார்.

"முதல்ல இவளிட்ட வாங்கோ," என்றாள் மேபல். "எங்கட தட்டில வேண்டிய மட்டும் பெயின்ட் கிடக்குதுதானே."