நீலவேணி துப்பாக்கி எடுத்த கதை

லண்டன் ஹரோவில் நீலவேணியைத் தெரியாத தமிழர் குறைவு. மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தவர் என்பதைவிட, மான் சுடுகிற அம்மா என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். சேலை கட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஒல்லியான பெண்மணி துப்பாக்கி பிடிப்பார் என்று யாராலும் நம்ப முடியாது. ஏன் பிடித்தார் என்பது அவர் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். அதுவும் நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நீலவேணி மலேசியாவில் ஈப்போக்காரி. நர்ஸ் படிப்புக்கு லண்டன் வந்தவள், சிரம்பானிலிருந்து பொறியியல் படிக்க வந்த லெட்சுமணனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளை இல்லை. லெட்சுமணன் கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய மனிதர்கள் கூப்பிட்டால் தலைகால் புரியாது. கம்பெனி டைரக்டர் ஒருவர் அவரை மான் வேட்டைக்குப் பழக்கிவிட்டார். அமர்ஷாமுக்கு அப்பால், பீச் மரக்காடும் கோதுமை வயலுமாகக் கிடந்த ஒரு பெரிய பண்ணையில் சுட அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு லெட்சுமணனின் பேச்சு, மூச்சு எல்லாம் மான்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு, பெண்மான் சுட அனுமதியுள்ள பருவம் தொடங்கிய சனிக்கிழமையும் டைரக்டரோடு கிளம்பிப் போனார். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தவர், டூட்டி முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"நீலா, ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. அம்மா போயிட்டாங்க. இன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருச்சாம்."

கருமாதிக்குத்தான் அவளால் போக முடிந்தது. அங்கே தங்கை நிர்மலா முகம் கொடுத்தே பேசவில்லை. கடைசியில் சமையல்கட்டில் வைத்துக் கேட்டாள்.

"ஏன்க்கா வரல? வெள்ளிக்கிழமையே போன் பண்ணினேன், நீ டூட்டிக்குப் போயிருந்தே, மாமாகிட்ட சொன்னேனே. உனக்காகத்தான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருந்தோம். உனக்கு லீவு கிடைக்கலன்னு மாமா மறுபடியும் போன் பண்ணிச் சொன்னாரு."

நீலவேணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா, லீவு கிடைக்கல" என்றாள். அன்றிரவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தாள்.

லண்டன் திரும்பியபோது, கேட்டுவிடுவோமா என்று வாய்வரை வந்தது. கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அழுவார், காலில்கூட விழுவார், அடுத்த மாதம் மறந்துவிட்டு வேட்டைக்குக் கிளம்புவார். அவ்வளவு சுலபமாக அவரை விடுவதற்கு அவளுக்கு மனம் இல்லை. அவர் எதற்காக அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தாரோ, அதையே பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பிடுங்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

லெட்சுமணனுக்குப் பிடிபடாத சந்தோஷம். சாப்பாட்டு மேசையில் வகுப்பே தொடங்கிவிட்டார்.

"புதுசா வர்றவங்க எல்லாம் முதல்ல துப்பாக்கிதான் வாங்குவாங்க. தப்பு. முதல்ல நல்ல பைனாகுலர் வாங்கணும். சுடுறது ஒரு நிமிஷம், பார்க்குறதுதான் நாள் முழுக்க. சட்டை மங்கின நிறமா இருக்கணும், நடந்தா சரசரங்கக் கூடாது. முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதே, சோப்பு வாசனையும் ஆகாது. காத்து உன் முகத்துல அடிக்கணும், முதுகுல அடிச்சா மான் உன்னைப் பார்க்குறதுக்கு முன்னாடியே மோந்துரும். குண்டு தாண்டிப் போனா பின்னால மண்மேடு இருக்கான்னு பாரு. இல்லன்னா சுடாதே."

காற்று பார்க்க அவர் பவுடர் டப்பா வைத்திருந்தார். நீலவேணி ஒரு சிமிழில் திருநீறு எடுத்துப் போனாள். ஒரு சிட்டிகை தூவினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

தன் பெயரிலேயே லைசென்ஸ் கேட்டு எழுதிப்போட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தார். சுடுவதற்கு நிலச் சொந்தக்காரர் அனுமதி இருக்கிறதா, துப்பாக்கியை வைத்துப் பூட்ட சுவரில் முடுக்கிய இரும்பு அலமாரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அனுமதி இல்லாவிட்டால் லைசென்ஸும் நிலைக்காது என்று அவர் சொன்னதை நீலவேணி மனதில் குறித்துக்கொண்டாள்.

பண்ணையின் வேட்டைக்காவலர் பென்டன் கறாரான ஆள். எத்தனை மானைச் சுடலாமோ அத்தனை பிளாஸ்டிக் டேக் பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அதில் எண் இருக்கும். மான் விழுந்ததும், விழுந்த இடத்திலேயே, பின்னங்கால் நரம்புக்கும் எலும்புக்கும் இடையில் கீறி டேக்கை மாட்ட வேண்டும். மாட்டாமல் ஓரடி நகர்த்தினாலும் அது திருட்டு மான். நகர்த்தியவர் மறுபடி அந்தப் பண்ணைக்குள் கால் வைக்க முடியாது. அது அந்தப் பண்ணையின் சட்டம்.

முதல் மானை நீலவேணி ஒரே குண்டில் சாய்த்தாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது அதன் கண் திறந்தே இருந்தது. மன்னிச்சுக்கோ, உன்மேல எனக்குக் கோபம் இல்லை என்று அதனிடம் சொன்னாள். பிறகு டேக்கை மாட்டினாள். மூன்று பருவத்தில் பென்டனுக்கு அவள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. லெட்சுமணனோ பழகப் பழக அலட்சியமானார்.

தொண்ணூற்றொன்றில் பனி கொட்டிய பிப்ரவரி. விடிகாலையில் புறப்படும்போது அவருடைய டேக்குகள் போனுக்குப் பக்கத்தில் கிடந்ததை அவள் பார்த்தாள்.

"எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார் லெட்சுமணன், பூட்ஸைக் கட்டிக்கொண்டே.

"என்னோடது எல்லாம் எடுத்தாச்சு" என்றாள்.

பண்ணையில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பத்து மணி வாக்கில் அவர் மூச்சிரைக்க அவளிடம் வந்தார்.

"ஒரு பெண்மான் விழுந்துருச்சு நீலா. டேக்கை வீட்டுல வச்சிட்டேன். உன்னோடது ஒண்ணு கொடு."

"அது என் பேருல இருக்குற டேக். பென்டன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"அவன் முன்னாடி தலையச் சொறிஞ்சிட்டு நிக்கச் சொல்றியா? காருல போட்டுக்குவோம். நம்ம காரை அவன் எப்பத் திறந்து பார்த்தான்?"

பனியில் இழுத்துவந்து, தார்ப்பாய் போட்டு மூடினார். நீலவேணிதான் கார் ஓட்டினாள். வாசலில் நின்ற பென்டன் வழக்கம்போலக் கையசைத்து, போகலாம் என்றார். அவள் காரை நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். பென்டன் மானின் காலைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் லெட்சுமணனைப் பார்த்து, இனி நீங்கள் வர வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

ரிக்மன்ஸ்வொர்த் ஊரைத் தாண்டியதும் லெட்சுமணன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் இப்படிப் பண்ண?" என்றார்.

"நிர்மலா வெள்ளிக்கிழமையே போன் பண்ணினா."

லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரத்தில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. அவள் வைப்பரைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். நெஞ்சுக்குள் இத்தனை வருஷம் இறுகிக் கிடந்தது ஏதோ கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. நன்றாகவே இருந்தது.

டைரக்டருக்கு விஷயம் போயிற்று. அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு பண்ணைகளில் கேட்டபோது, அவர்கள் பென்டனிடம் விசாரித்துவிட்டுக் கையை விரித்தார்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கிற சமயத்தில், எங்கே சுடுவீர்கள் என்று போலீஸ் கேட்டது; காட்டுவதற்கு அவருக்கு ஒரு பண்ணையும் இல்லை. துப்பாக்கியை விற்றுவிட்டார். பண்ணையில் சுட அவருக்கிருந்த இடத்தையும் பென்டன் நீலவேணிக்கே கொடுத்தார்.

அவர்கள் பிரியவில்லை. அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு நவம்பரில், "நான் சும்மா கூட வர்றேனே, காருலயே உக்காந்திருக்கேன்" என்று கெஞ்சினார்.

"வேணாம்."

"இன்னும் எத்தனை வருஷம் நீலா?"

அவள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலங்க" என்றாள். "குழம்பு அடுப்புல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.