எருமை மாட்டிலிருந்து எட்டு வசனங்கள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பரம விரோதி இருந்தது. நூற்று எழுபத்தாறு வசனங்கள் கொண்ட ஒரு சங்கீதம். பைபிளில் இருக்கும் சங்கீதப் பாடல்களிலேயே நீளமானது அதுதான்.

எங்கள் வீடு மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில். அப்பாவுக்குப் போசரியில் வேலை. கம்பெனி பஸ் ஆறு மணிக்கெல்லாம் முக்குக்கு வந்துவிடும் என்பதால் குடும்ப ஜெபம் ஐந்தரைக்கு. அந்த வருடம் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். எல்லா வீட்டிலும் சங்கீதங்களை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்து முடிக்க வேண்டும். முடித்த குடும்பங்கள் புத்தாண்டு ஆராதனையில் எழுந்து நிற்கும். முடிக்காதவர்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அப்பா எழுந்து நிற்பதென்று முடிவு கட்டியிருந்தார்.

என் விரோதியை அவர் நாளுக்கு எட்டு வசனமாகப் பிரித்தார். இருபத்திரண்டு நாள்! அதுவும் நவம்பர்க் குளிரில்.

"ஏட்டி, எந்திரி. ஆண்டவர் காத்துக்கிட்டிருக்காரு."

"அவருக்கு ஸ்கூல் கிடையாதுல்லப்பா."

தமிழ் எனக்குத் திட்டு வாங்கவும் ஜெபிக்கவும் மட்டும் பயன்பட்ட மொழி. வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கம் முன்னால் இரண்டே வசனத்தில் ஒரு குட்டிச் சங்கீதம் இருப்பதைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பைபிளின் அடையாள நாடாவை அங்கே நகர்த்தி வைத்தேன். அரை நிமிடத்தில் ஆமென், பிறகு மறுபடியும் ரஜாய்ப் போர்வைக்குள். இதுதான் திட்டம்.

மறுநாள் அப்பா நாடா இருந்த பக்கத்தை விரித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தங்குதடையில்லாமல் படித்தார். விரல் விட்டு எண்ணினேன். எட்டு.

அன்று சாயங்காலம் நாடாவைப் புத்தகத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோனேன். மறுநாளும் எட்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜிப் வைத்த கறுப்பு உறையிலிருந்து பைபிளை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, என் மராத்திப் பாடப்புத்தகத்தை உள்ளே வைத்தேன். தடிமன் போதாததால் கணக்குப் புத்தகத்தையும் துணைக்கு அனுப்பினேன்.

காலையில் அப்பா ஜிப்பைத் திறந்து விரித்தார். அந்தப் பக்கத்தில் ஓர் எருமை மாடு குளத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எட்டு வசனங்கள். முக்காட்டுக்குள் கண்மூடியிருந்த அம்மா, பக்தியோ தூக்கமோ, "ஆமென்" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எருமை மாட்டிலிருந்து வசனம்! பைபிளைப் பயபக்தியோடு பழைய இடத்தில் வைத்தேன். இப்படியொரு அற்புதத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா?

பிம்ப்ரியில் ஒரே ஹாலில் காலையில் மராத்திச் சபை கூடும், சாயங்காலம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் செய்ததை ஒவ்வொருவராகச் சொல்லும் சாட்சி நேரத்தில் நானே போய் மைக்கைப் பிடித்தேன்.

"எங்க அப்பா என் மராத்தி புக்கைத் தொறந்தாகூட தமிழ் வசனம் வருது. சச்சி, சத்தியமா! நான்தான் மாத்தி வச்சேன்."

சபையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அப்பாவை ஓரமாக நிறுத்தி, பாட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"ஏங்க, இதுல என்ன போட்டிருக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "வெளிச்சம் பத்தல."

"டியூப்லைட்டுக்குக் கீழதான நிக்கீங்க."

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். ஆளும் பஸ்ஸும் தெரியும், எழுத்துதான் தெரியாது.

"என்ட்ட குடுத்தா நான் படிக்க மாட்டேனா?"

"ஏன்னு கேப்ப. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவ. படிப்பு பாதியில நின்னுபோவும். முடிச்சிட்டுப் போலாம்னு பாத்தேன்."

கம்பெனி பஸ்ஸில் போக வர இரண்டு வேளையும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, மறுநாளைக்கான எட்டு வசனங்களை மொபைலில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியிருக்கிறார் மனுஷன்.

"புக்க மாத்துனது தெரியலையாப்பா?"

"தாளு தடிமனா இருந்துச்சுட்டி. கேட்டா நாந்தான மாட்டிக்கிடுவேன்?"

எனக்கு வந்தது கோபம். மைக்கில் அற்புதமென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இவர் வெறும் மனப்பாடம் என்கிறாரே! மனப்பாடம் நானும்தான் செய்வேன், எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும்.

அந்த வாரமே ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. படிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. அம்மா படித்தாள், அப்பா கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து கேட்டார். என் விரோதி ஒழிந்தது. மிச்சச் சங்கீதங்களும் ஒவ்வொன்றாக முடிந்தன.

புத்தாண்டு ஆராதனையில், "முடித்த குடும்பங்கள் எழும்பலாம்" என்றார் பாஸ்டர். அப்பா எழும்பிய வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. கடைசிச் சங்கீதத்தை அவரையே முன்னால் வந்து படிக்கச் சொன்னார்கள்.

புதுக் கண்ணோடு அப்பா புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். முதல் வரியிலேயே தடுமாறினார். நிறுத்தினார். மறுபடி தொடங்கி, மறுபடி நின்றார். எருமை மாட்டை வைத்துக்கொண்டே சரளமாகப் படித்தவர்! என் மானம் போனது.

"அப்பா, பாக்காம சொல்லுங்க! பாத்தாதான் தப்பு வருது!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். புத்தகத்தை மூடி, நிமிர்ந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். மைக்கே தேவைப்படாத குரல். இரண்டாம் வசனத்தில் அம்மா சேர்ந்துகொண்டாள். அதற்குப் பின் நின்றவர்கள், உட்கார்ந்திருந்தவர்கள், முடித்தவர்கள், முடிக்காதவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கீபோர்டுக்காரர் பொறுக்க மாட்டாமல் வாசிக்கத் தொடங்க, அந்த வாடகை ஹாலின் தகரக்கூரையே அதிர்ந்தது.

அப்பாவின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் அம்மாவின் பையைக் குடைந்து சொட்டு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.